இரண்டரை ஸ்பூன் சீனி

தான் டீ குடிப்பதை ஊரே ஏன் உற்றுப் பார்க்கிறது என்று குருவம்மாளுக்கு விளங்கவில்லை.

வண்டிப்பெரியாரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கோபிநாத்தின் டீக்கடை. தேயிலை ஃபேக்டரியில் பகல் ஷிப்ட் முடிந்ததும் அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அவள் மேட்டுக்கு ஏறி, எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடான லயத்துக்குப் போவாள். பதினைந்து வருஷப் பழக்கம். அவளுக்கு இரண்டரை ஸ்பூன் சீனி வேண்டும். அந்த அரை ஸ்பூனுக்காகக் கோபிநாத் தினமும் முனகுவார். "இது டீயா, பாயசமா சேச்சி?" என்பார். அவள் சிரிப்பாள். அத்தோடு முடிந்துவிடும்.

அந்த வைகாசியில் ஒரு வாரமாக அவர் முனகவில்லை. கோவிலில் தீபாராதனை காட்டுகிறவர் மாதிரி நிதானமாக ஒன்று, இரண்டு, அரை என்று போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் முதல் மடக்கு குடித்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. வேறு எஸ்டேட்டைச் சேர்ந்த ஒரு பெண், முன்பின் பழக்கமில்லாதவள், எழுந்து வந்து அவள் கையைத் தொட்டு, "நல்லா இருப்ப தாயி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

குருவம்மாள் முந்தானையைச் சரிபார்த்தாள். ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறோமா என்று பார்த்தாள். கடைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்ணே, எம் மூஞ்சியில எதுவும் ஒட்டியிருக்கா?"

"ஒண்ணுமில்ல சேச்சி. நீங்க தைரியமாயிட்டு குடிங்க."

"டீ குடிக்கிறதுக்கு என்னண்ணே தைரியம்?"

கோபிநாத் பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவர் சொல்லாததற்குக் காரணம் உண்டு. லயத்து வரிசையில் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். சம்பளத்தைக் கேட்பார்கள், மகளுக்கு ஏன் இன்னும் அமையவில்லை என்று கேட்பார்கள், நேற்று வீட்டில் என்ன சத்தம் என்றுகூடக் கேட்பார்கள். நோயை மட்டும் கேட்க மாட்டார்கள். நோயாளி என்று பெயர் எழுந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று நிறுத்திவிடுவார்களோ என்று பயம். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். அதனால் சுகர் இருப்பவர்கள் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் வைப்பார்கள். சீனி இல்லாத டீ வேண்டுமென்றால் தெரிந்த கடையில் கேட்காமல், ஊர் தாண்டிப் போய் "வித்தவுட்" சொல்வார்கள். யார் மறைக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை. அது ஒரு மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சின்னமுத்துவின் வீட்டுக்குப் போனபோதுதான் குருவம்மாளுக்கு விஷயம் தெரிந்தது.

சின்னமுத்து கொழுந்துக் காட்டில் மருந்தடிக்கிற வேலை செய்தவர். பன்னிரண்டு வருஷமாகச் சுகர். மாசியில் வலது காலின் சுண்டு விரலில் பூட்ஸ் கடித்துப் புண்ணாகி, ஆறுவதும் மறுபடி கிளம்புவதுமாக இருந்தது. அன்றைக்கு அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். துணியைப் பிரித்த குருவம்மாள் திடுக்கிட்டாள். விரல் கறுத்திருந்தது. அடுத்த விரலும் வீங்கியிருந்தது.

"மதினி, மாத்திரை போடுறாரா இல்லையா?"

அண்ணனின் மனைவி செல்வலட்சுமி அலமாரியைக் கை காட்டினாள். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டப்பா. உள்ளே ஏதோ கசப்புப் பொடி.

"என்னைக் கேக்குற? நீதான கண்டுபிடிச்ச" என்றாள் செல்வலட்சுமி. குரலில் கோபமும் இருந்தது, நன்றியும் இருந்தது.

சின்னமுத்து தங்கையைப் பார்க்காமல் பேசினார். "எட்டு வருசம். கூடப் பொறந்தவன் நான். எனக்கும் அதே சீக்கு. எங்கிட்டகூடவா மறைப்ப?"

பிறகு போனை நீட்டினார்.

திரையில் குருவம்மாள் சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தாள். பின்னால் தேயிலை மலை. வாயெல்லாம் சிரிப்பு. "இன்னிக்குத்தான் இனிப்ப வாயில வைக்கிறேன். அம்புட்டு ருசியா இருக்கு" என்றாள். அது அவள் குரல்தான். அவள் சொன்னதுதான். அதற்குமேல் வேறொரு பெண்ணின் குரல் தொடர்ந்தது: "எட்டு வருடம் சர்க்கரை நோயை யாருக்கும் சொல்லாமல் மறைத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம். இன்று மாத்திரை இல்லை, ஊசி இல்லை. இரண்டரை மாதத்தில் எல்லாம் மாறியது." கடைசியில் ஒரு போன் நம்பர். இன்றைக்கு மட்டும் பாதி விலை. இன்னும் நாற்பது டப்பாதான் பாக்கி.

சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு காமிராவோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். எஸ்டேட் சாப்பாட்டைப் படம் எடுக்கிறோம் என்றார்கள். குருவம்மாள் காப்புக் கட்டிய நாளிலிருந்து பதினோரு நாள் இனிப்புத் தொடாமல் விரதம் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் பொங்கலை வாயில் வைத்தபோது காமிரா அவள் பக்கம் திரும்பியது. ருசி எப்படி என்று கேட்டார்கள், சொன்னாள். விரதம் அண்ணனின் கால் புண் ஆற வேண்டுமென்று இருந்த விரதம்.

"அண்ணே, இது பொய். எனக்குச் சுகரே கிடையாது."

"அப்படித்தான் சொல்லுவ. எட்டு வருசமும் அப்படித்தான சொன்ன?"

அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழுச் சூட்சுமமும் இருந்தது. அது குருவம்மாளுக்கு உடனே பிடிபடவில்லை. ஆனால் எந்தப் பொருளும் எப்படி ஓடுகிறது என்று குனிந்து பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அன்றிரவு அந்தப் படத்தைப் பத்துப் பதினைந்து முறை ஓடவிட்டு, ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பார்த்தாள்.

முதலில் அவள் முகம். மினுக்கிய சினிமா முகம் வந்திருந்தால் சின்னமுத்து விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். காதில் தேய்ந்த கம்மலும் தோளில் எஸ்டேட் துண்டும் போட்ட நம்ம ஆள் வந்தால் விரல் நிற்கும். அடுத்து, உண்மை. சிரிப்பு உண்மை, பொங்கல் உண்மை, குரல் உண்மை. மூன்று உண்மையைக் கேட்டுத் தலையாட்டியவன் நாலாவதுக்கும் ஆட்டிவிடுவான். அப்புறம் அந்த நாற்பது டப்பா. யோசித்துப் பார்க்க அவகாசம் கொடுக்காத எண் அது. மறுநாள் பார்த்தாலும் நாற்பதுதான் பாக்கி இருந்தது.

இவற்றையெல்லாம்விட உள்ளே இருந்தது 'மறைத்தேன்' என்ற சொல். அவளுக்குச் சுகர் இல்லை என்று லயத்தில் நூறு பேருக்குத் தெரியும். அந்த நூறு பேரையும் அந்தச் சொல் ஒரே அடியில் வாயடைக்க வைத்துவிட்டது. அவளுக்கு இருந்தது உனக்கே தெரியாதா? தெரியாதுதான், மறைத்தாளே. மறைப்பது அங்கே எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். யாருக்கும் அது புதுமையாகப் படவில்லை.

அவளுடைய கணவன் மாரீஸ்வரன் எஸ்டேட் டிராக்டர் ஓட்டுகிறவர். படத்தை அவரும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நெசமாவே உனக்கு இல்லையா?"

"இருபத்திரண்டு வருசமா ஒரே சட்டியில திங்கிறோம். உங்களுக்குத் தெரியாதா?"

"அதான் கேக்குறேன். எனக்குத் தெரியாம இருக்குமோன்னு."

திங்கட்கிழமை அவள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சுகர் பார்க்க ரத்தம் கொடுத்தாள். வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு. சீட்டை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

"பாருங்க. தொண்ணூத்தி ரெண்டு. சுகர் இருக்கிறவளுக்கு இப்படி வருமா?"

சின்னமுத்து சீட்டைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. "செல்வி, பாத்தியா? தொண்ணூத்தி ரெண்டுக்கு இறங்கிருச்சு. சீனி போட்ட டீயும் குடிச்சுக்கிட்டு. நான் சொல்லல?"

சீட்டைத் திருப்பித் தரவில்லை. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்.

பழைய சீட்டு ஏதாவது இருந்தால் காட்டலாம். போன வருஷமும் இதே எண் என்றால் வாயை மூடித்தானே ஆக வேண்டும்? ஆனால் குருவம்மாள் அதுவரை சுகருக்காக ரத்தமே கொடுத்ததில்லை. இல்லாத நோய்க்குச் சீட்டு எங்கிருந்து வரும்?

சின்னமுத்துவின் ரத்தத்தைச் சோதிக்கலாம் என்று டிஸ்பென்சரி நர்ஸ் யோசனை சொன்னார். சோதித்தார்கள். முன்னூற்று எண்பது. சின்னமுத்து அசையவில்லை. டப்பாவோடு வந்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். முதல் நாற்பது நாள் சர்க்கரை ஏறும், உடம்பில் தேங்கிய கசடு வெளியேறுகிறது என்று அர்த்தம், பயந்து நிறுத்துபவர்கள் குணமாக மாட்டார்கள் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே: 'மருத்துவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.'

டிஸ்பென்சரியின் மலையாளத்து டாக்டரும் சொல்லிப் பார்த்தார். ஒப்புக்கொள்ள மாட்டார் என்று காகிதத்தில் முன்கூட்டியே எழுதியிருந்ததால், அவர் சொல்லச் சொல்ல காகிதத்துக்குத்தான் பெருமை கூடியது.

குருவம்மாள் டப்பாவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். தேனாகப் பேசியது ஒரு பெண் குரல். பேர் வினோ என்றது. "சொல்லுங்கக்கா, உங்களுக்கு எத்தனை வருசமா சுகர்?"

"எனக்குச் சுகர் இல்லம்மா. உங்க விளம்பரத்துல பொங்கல் திங்கிறது நான்தான்."

அந்தக் குரல் சட்டென்று மாறியது. "அக்கா, நீங்களா? உங்களைப் பாத்துத்தான்க்கா எங்கம்மாவுக்கே நான் வாங்கிக் குடுத்தேன்."

குருவம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தாள். திட்டுவதற்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள். யாரைத் திட்டுவது? "உங்கம்மாவ மாத்திரை போடச் சொல்லு, தாயி" என்று மட்டும் சொன்னாள். "சரிக்கா, பொடியோட சேத்தா?" என்று கேட்டது அந்தக் குரல். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டார்கள். நல்ல மாதிரியாகவே பேசினார்கள். படத்தைப் போட்டவர்கள் எந்த ஊர் என்றே தெரியாது, ஒரு பக்கத்தை மூடினால் வேறு பேரில் திறப்பார்கள், நாளாகும் என்றார் அங்கிருந்த சார். அண்ணனின் காலுக்கு நாள் இல்லை.

ஃபேக்டரியில் குருவம்மாளுக்குச் சல்லடைப் பிரிவில் வேலை. காய்ந்த தேயிலையை மேலே கொட்டுவார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டுகள். மேல்தட்டில் பெரிய கண், கீழே போகப் போகச் சிறிய கண். மெஷின் குலுங்கக் குலுங்க, பெரிய இலை மேலேயே தங்கித் தன் வாய் வழியாக வெளியேறும், தூள் எல்லாத் தட்டையும் தாண்டிக் கீழே இறங்கும். எந்தக் கை கொட்டினாலும், எவ்வளவு பதனமாகக் கொட்டினாலும், தூள் அதன் சாக்குக்குத்தான் போகும். அந்த வாரம் மெஷின் முன்னால் நிற்கும்போது அவளுக்கு அதே நினைப்பு. இல்லை என்று சொன்னால், மறைக்கிறாள். சோதித்துக் காட்டினால், குணமாகிவிட்டாள். அண்ணனுக்கு ஏறினால், கசடு போகிறது. டாக்டர் திட்டினால், பொறாமை. எதைக் கொட்டினாலும் ஒரே சாக்கில் போய் விழுந்தது.

இதற்குள் லயத்தில் மேலும் ஆறு வீட்டில் பச்சை டப்பா வந்துவிட்டது. வழியில் பார்க்கிறவர்கள் அவளைப் பார்த்து ரகசியமாகத் தலையசைத்தார்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை செல்வலட்சுமி அழுதுகொண்டே ஃபேக்டரி வாசலுக்கு வந்தாள். "கறுப்பு மேல ஏறுது குருவு. நர்ஸ் சொல்லி, அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வீட்டுக்கே ஆள் அனுப்பிச்சு. சுகரை இறக்கி உடனே விரலை எடுத்தா பாதம் தப்பும், இன்னும் ஒரு வாரம் போனா கணுக்காலுக்கு மேல எடுக்கணும்னு சொல்லுது. இவரு நாப்பது நாளு முடியட்டும்ங்கிறாரு."

"இப்ப எத்தனாவது நாளு?"

"இருபத்தி ஆறு."

மழை பிடித்துக்கொண்டது. குருவம்மாள் நனைந்தபடியே அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். இனிமேல் சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை. மாரியாத்தாமேல் சத்தியம் பண்ணியாயிற்று. காலைப் பிடித்தாயிற்று. சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாயிற்று. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சின்னமுத்து ஸ்டூலை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். தங்கை அழுவது அவருக்குப் பொறுக்காது. குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் என்னத்தை மறைக்கிற குருவு? எதுவா இருந்தாலும் அண்ணங்கிட்ட சொல்லு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

குருவம்மாளின் அழுகை நின்றது.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காதைத் திறந்து வைத்திருந்தார். இந்தப் பன்னிரண்டு நாளில் அவர் அவள் பேச்சுக்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு மெஷின் முழுதும் ஒரு நொடியில் கண்முன் வந்து நின்றது. இல்லை என்று சொல்வது எதுவும் அந்தச் சல்லடையில் இறங்காது. மறைத்தேன் என்று சொன்னால் எதுவும் இறங்கும். அந்தச் சல்லடைக் கண்ணுக்கு அந்த ஒரே அளவுதான்.

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். காலண்டரில் மாரியம்மன் படம். பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு சீட்டு. இதைச் சொல்லிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. தான் நோயாளி என்று ஊர் முழுக்க எழுந்த பொய்க்குத் தானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். அண்ணனின் காலைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்துங்க மதினி" என்றாள்.

செல்வலட்சுமி சாத்தினாள்.

"எனக்குச் சுகர் இருக்குண்ணே. பொடி தின்னேன். கொஞ்ச நாள் இறங்குச்சு. அப்புறம் திரும்ப ஏறிருச்சு. முன்னைக்கு ரெண்டு மடங்கா."

"ஏறிருச்சா?"

"நாப்பது நாளும் பாத்தேன், எண்பது நாளும் பாத்தேன். அப்புறம் பயந்துபோய் மாத்திரை. அந்தத் தொண்ணூத்தி ரெண்டு மாத்திரையில வந்தது. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல."

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். ரத்தம் குறைவு என்று டிஸ்பென்சரியில் கொடுத்த சத்து மாத்திரை. நாலைந்து பிரித்திருந்தது. சின்னமுத்து அதை வாங்கவில்லை, படிக்கவில்லை. பன்னிரண்டு நாள் கெஞ்சியும் நம்பாதவர், ஒரு நொடியில் நம்பினார்.

"கடையில சீனி போட்டுக் குடிக்கிறியே?"

"மறைக்கத்தான்."

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்கு நன்றாகவே புரிந்தது. காலைப் பார்த்தார்.

"எத்தனை நேரம் போடுற?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

குருவம்மாளுக்கு அது தெரியாது. செல்வலட்சுமியைப் பார்த்தாள். "டாக்டரம்மா சொல்லும்ண்ணே. இப்பவே போவோம். எங்க வீட்டுக்காரரு ஜீப்புக்குச் சொல்லட்டும்" என்றாள். அவர் எழுந்து சட்டையைத் தேடினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சுகரை இறக்கி, இரண்டு விரலை எடுத்தார்கள். பாதம் இருந்தது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பக்கத்து லயத்துக்காரர் ஆறுச்சாமி பச்சை டப்பாவோடு அவரைப் பார்க்க வந்தார். சின்னமுத்து கதவைச் சாத்தச் சொல்லி, யாருக்கும் சொல்லாதே என்று ஆரம்பித்து, தங்கையின் ரகசியத்தைச் சொன்னார். சனிக்கிழமைக்குள் மூன்று வீட்டில் டப்பா குப்பைக்குப் போனது. மற்ற வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் குருவம்மாளைத் தேடி வந்தார்கள். வேறு ஊர்க்காரர்களும் வந்தார்கள். படம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாற்பது டப்பாதான் பாக்கி என்றது.

கோபிநாத்தின் கடையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சீனி டப்பாவைத் திறக்கப் போனவரை நிறுத்தினாள்.

"வித்தவுட்டுண்ணே."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கோபிநாத் அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டீயை ஆற்றி வைத்தார். ஒரு மடக்கு குடித்தாள். நன்றாகவே இல்லை. முழுதையும் குடித்தாள்.

செய்ய வேண்டியது இதுதான். யாராவது போனை நீட்டினால் அது பொய் என்று சொல்லக்கூடாது. ஆமாம், அது நான்தான் என்று சொல்ல வேண்டும். தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்த வேண்டும். பொடி தின்றேன், கொஞ்ச நாள் இறங்கியது, திரும்ப ஏறிவிட்டது, இப்போது மாத்திரைதான், மறைத்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சுருக்குப் பையைத் திறந்து அட்டையின் ஓரத்தை மட்டும் காட்ட வேண்டும். யாருக்கும் சொல்லாதே என்று முடிக்க வேண்டும். அவர்கள் போய் மாத்திரை போடுகிறார்கள்.